கருவாட்டு விலைப்பக்கம்: டெயில்விண்டை பில்டிலேயே முடித்த அனுபவம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, வடகடலைப் பார்த்த ஓர் ஊரில் கருவாடு போடும் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. நெத்திலி, காரல், சாளை, வாளை, திருக்கை என எது காய்ந்திருக்கிறது, கிலோ என்ன விலை, எவ்வளவு மிச்சம் என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் சிறிய இணையதளம் அவர்களுக்கு உண்டு. பரமக்குடி, மதுரை வியாபாரிகள் அதைப் பார்த்த பிறகே போன் செய்கிறார்கள். குழுவினரும் களத்தில் நின்றபடியே அதைத் திறந்து சரிபார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. புகார் ஒன்றுதான். ராமநாதபுரம் டவுனில் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. கடற்கரையில் வெகுநேரம் வெள்ளையாக நிற்கிறது, சில வேளைகளில் நிறமும் கட்டமும் இல்லாத வெறும் எழுத்துக் குவியலாக வந்து விழுகிறது.

குழுத் தலைவி அக்காவின் போனை கேபிள் வழியாக என் மடிக்கணினியுடன் இணைத்து, குரோமின் டெவலப்பர் கருவியில் ஒவ்வொரு கோப்பும் எப்போது கேட்கப்படுகிறது, எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்தேன். பக்கத்தின் எழுத்தும் கட்டமைப்பும் உள்ள எச்.டி.எம்.எல் கோப்பு சட்டென்று வந்துவிடுகிறது. அதன் தலைப்பகுதியில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட்தான் மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. அது டெயில்விண்ட் சி.எஸ்.எஸ் என்ற, பக்கத்துக்கு நிறம், அளவு, இடைவெளி தரும் கருவியின் பிளே சி.டி.என்: இணையத்திலிருந்து நேரடியாக இறங்கி பிரவுசரிலேயே இயங்கும் வடிவம்.

அந்த ஸ்கிரிப்டுக்குள், தோற்ற விதிகளை (சி.எஸ்.எஸ்) உருவாக்கும் முழு கம்பைலரே இருக்கிறது. பக்கம் திறந்ததும், எச்.டி.எம்.எல்லில் தோற்றத்துக்காக எழுதிய கிளாஸ் பெயர்களை எல்லாம் அது படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சி.எஸ்.எஸ் விதியை அந்தப் போனிலேயே உருவாக்கிச் சேர்க்கிறது. அதன் பிறகும் பக்கத்தில் புதிதாக ஏதேனும் நுழைகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. விரித்துப் பார்த்தால் சில நூறு கேபி நிரல். அதைப் பிரித்துப் படித்து இயக்கும் நேரம், பழைய போனில் தனிச் சுமை. சிக்னல் நடுவில் அறுந்தால் ஸ்கிரிப்ட் வந்து சேராது, ஒரு விதிகூட உருவாகாது. எழுத்துக் குவியல் அப்படித்தான் வருகிறது. இந்த வழி பக்கத்தை உருவாக்கிப் பார்க்கும் காலத்துக்கு மட்டுமே, மக்கள் பயன்பாட்டுக்கு அல்ல என்று டெயில்விண்ட் ஆவணமே சொல்கிறது. பக்கத்தை முதலில் எழுதிக்கொடுத்த கல்லூரி மாணவர் முதல் வரைவைக் காட்ட அதைத் தேர்ந்தெடுத்தது முறைதான். வரைவு அப்படியே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

பச்சை மீனைக் கையில் கொடுத்து, வீட்டில் போய்க் காயவைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வதைப் போன்ற ஏற்பாடு இது. தினம் மாறுவது விலையும் இருப்பும் மட்டும். பெட்டியின் ஓரம், எழுத்தின் அளவு, இடைவெளி எதுவும் மாறுவதில்லை. மாறாத ஒன்றை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. இந்த வேலை முழுக்க அந்த ஒரு எண்ணத்தைப் பின்பற்றித்தான் நடந்தது.

யூட்டிலிட்டி கிளாஸ் முறைக்குப் புதியவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் ஒரு பெட்டிக்கு 'விலைப்பெட்டி' என்று பெயர் வைத்து, அதன் விதிகளைத் தனிக் கோப்பில் எழுதுவோம். இந்த முறையில் ஒரு விதிக்கு ஒரு கிளாஸ்: உள் இடைவெளிக்கு ஒன்று, பின்னணி நிறத்துக்கு ஒன்று, ஓர வளைவுக்கு ஒன்று. அவற்றை எச்.டி.எம்.எல்லிலேயே அடுக்குகிறோம். சாத்தியமான எல்லா அளவுக்கும் நிறத்துக்கும் கிளாஸ் வைத்தால் கோப்பு பூதாகரமாகிவிடும். ஆடம் வாதன் 2017இல் வெளியிட்ட டெயில்விண்டின் தொடக்கப் பதிப்புகள் அப்படித்தான் இருந்தன. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பின் முழுக் கோப்பு, சுருக்காத நிலையில், மூன்றரை எம்பிக்கு மேல். முதலில் எல்லாவற்றையும் உருவாக்கி, பயன்படாதவற்றை பர்ஜ் சி.எஸ்.எஸ் என்ற கருவியைக் கொண்டு வெட்டி எறிவார்கள். 2021இல் இந்த வரிசை தலைகீழானது. வெறுமையிலிருந்து தொடங்கி, கோப்புகளில் கண்ணில் படும் கிளாஸுக்கு மட்டும் விதி எழுதும் முறை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பில் அதுவே இயல்பான வழியாகிவிட்டது. ஆந்தனி ஃபூ தொடங்கிய யூனோ சி.எஸ்.எஸ் என்ற இதே வகைக் கருவியும் இதே பாதையில் நடப்பதுதான். பிளே சி.டி.என் இதே வேலையைப் பார்ப்பவரின் போனில் செய்கிறது. நான் செய்ய வேண்டியது அதை என் கணினிக்கு நகர்த்துவது.

எந்தப் பதிப்பு என்பதில் சற்று நின்று யோசித்தேன். 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதிகளால் கம்பைல் மின்னல் வேகம், அமைப்பையெல்லாம் சி.எஸ்.எஸ் கோப்பிலேயே எழுதிக்கொள்ளலாம், எந்தக் கோப்புகளைப் படிப்பது என்பதையும் அதுவே கண்டுகொள்கிறது. ஆனால் அதற்குக் குரோம் 111, சஃபாரி 16.4, பயர்பாக்ஸ் 128 அல்லது அதற்கு மேல் வேண்டும். குழுவில் யாரிடம் எந்தப் போன் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்றது, அண்ணன் மாற்றிக் கொடுத்தது என்று கைமாறி வந்த போன்கள் பல. அவற்றில் ஆண்ட்ராய்டு 6 போனும் இருந்தது. அந்த ஆண்ட்ராய்டுக்குக் குரோம் 106உடன் புதுப்பிப்பு நின்றுவிட்டது. நான்காம் பதிப்பின் நிறங்கள் ஓ.கே.எல்.சி.எச் என்ற புதிய முறையில் எழுதப்படுபவை. அந்தப் பிரவுசருக்கு அவை புரியாது, பின்னணி நிறமே இல்லாமல் போய்விடும். ஆகவே மூன்றாம் பதிப்பின் 3.4ஐ எடுத்துக்கொண்டேன். புதியது வேகமானது என்பது என் கணினிக்குக் கிடைக்கும் லாபம். பக்கத்தைத் திறக்கும் கைக்கு எது கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பதிப்பைத் தேர்வு செய்ய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நிறுவுதல் எளிது. ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் இயக்கும் நோட் ஜே.எஸ்ஸும் அதன் பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கோப்புகளும் இந்த ஒற்றைப் பக்கத்துக்குத் தேவையில்லை. 2021 டிசம்பரிலிருந்து டெயில்விண்ட், தனித்து இயங்கும் ஒரே கோப்பாகவும் கிடைக்கிறது. அதை ஒருமுறை இறக்கி, இயக்க அனுமதி கொடுத்து, திட்டத்தின் கோப்புறையில் வைத்தேன். உள்ளீட்டுக் கோப்பில் மூன்றே வரி: அடித்தளம், கூறுகள், யூட்டிலிட்டிகள். வெளியீட்டுக் கோப்பின் பெயரையும், சுருக்கும்படி ஒரு கட்டளையையும் சேர்த்தால், வெளியிடும் முன்பே சி.எஸ்.எஸ்ஸை உருவாக்கிவைக்கும் பில்ட் தயார். எச்.டி.எம்.எல்லில் இருந்த சி.டி.என் ஸ்கிரிப்ட் வரியை எடுத்துவிட்டேன்.

அமைப்புக் கோப்பில் முக்கியமானது, எந்தக் கோப்புகளைப் படித்துக் கிளாஸ் தேட வேண்டும் என்று சொல்லும் பகுதி. அங்கே எச்.டி.எம்.எல் கோப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புறையையும் மட்டும் குறிப்பிட்டேன். சி.எஸ்.எஸ் கோப்புகளை ஒருபோதும் அங்கே சேர்க்கக் கூடாது. அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் தலைவலி எல்லாமே புரிந்துவிடும். கம்பைலர் நம் நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணமும் அதற்குத் தேவையில்லை. வெறும் எழுத்தாகப் படித்து, கிளாஸ் பெயராக இருக்கக்கூடிய துண்டுகளைப் பொறுக்கி, தெரிந்த பெயராக இருந்தால் விதி எழுதுகிறது, இல்லையென்றால் விட்டுவிடுகிறது. நிரலுக்குள் எழுதும் ஆங்கிலக் குறிப்புகளில் 'டேபிள்', 'ஹிடன்', 'ஃபிக்ஸ்ட்' போன்ற சொற்கள் தற்செயலாக வந்தால்கூட அவற்றுக்கும் விதி உருவாகிவிடும். தீங்கில்லை, வீண் சில பைட்டுகள். நான் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதால் அந்த வீணும் இல்லை.

பில்ட் முடிந்தது. பக்கத்தைத் திறந்தால் எல்லாம் முன்பு போலவே இருந்தது. பச்சைப் பட்டைகள், மஞ்சள் பட்டைகள், விலை எல்லாம் சரி. இங்கேயே வேலை முடிந்தது என்று பக்கத்தை ஏற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மாணவரின் நிரலைப் படித்தபோது ஒரு வரி கண்ணை உறுத்தியது. விலையும் இருப்பும் ஒரு கூகுள் ஷீட்டிலிருந்து வருகின்றன. அதில் ஒரு பத்தி நிறத்துக்கானது: அக்கா 'கிரீன்', 'அம்பர்', 'ரெட்' என்று தேர்ந்தெடுப்பார். நிரல் அந்தச் சொல்லை வாங்கி, முன்னால் பின்னணியைக் குறிக்கும் 'பிஜி-' என்பதையும் பின்னால் சாயலைக் குறிக்கும் '-600' என்பதையும் ஒட்டிக் கிளாஸ் பெயர் தயாரிக்கிறது. போனில் கம்பைல் நடந்தவரை இது பிரச்சினையே இல்லை. ஒட்டி முடித்த முழுப் பெயர் பக்கத்தில் வந்து நிற்பதை சி.டி.என் ஸ்கிரிப்ட் நேரில் பார்த்து விதி எழுதிவிடும். பில்டில் கம்பைலர் பார்ப்பது 'பிஜி-' என்ற துண்டையும் '-600' என்ற துண்டையும்தான். 'பிஜி-ரெட்-600' என்ற முழுச் சொல் எந்தக் கோப்பிலும் இல்லை. ஷீட் இணையத்தில் இருக்கிறது, கம்பைலரின் கண்ணுக்கு எட்டாது.

அப்படியானால் பச்சையும் மஞ்சளும் எப்படி வந்தன? பக்கத்தின் மேலே இருந்த விளக்கப் பட்டையில் அந்த இரண்டும் முழுப் பெயராக எழுதப்பட்டிருந்தன. அந்தத் தற்செயலால் அவற்றுக்கு விதி கிடைத்துவிட்டது. சிவப்பு விளக்கத்தில் இல்லை. சோதித்த அன்று எந்தக் கருவாடும் தீர்ந்திருக்கவில்லை என்பதால் சிவப்பு தேவைப்படவும் இல்லை. இந்தக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பியிருக்கும் அந்த மாதங்களில் ஒவ்வொரு வரியாகத் 'தீர்ந்தது' ஆகும். வெள்ளை எழுத்து, பின்னணி நிறமில்லாத வெள்ளைப் பட்டை: அப்போது 'தீர்ந்தது' என்ற சொல்லே யார் கண்ணுக்கும் தெரியாது. மதுரைக்காரர் இல்லாத நெத்திலிக்குப் போன் செய்துகொண்டிருப்பார். பில்ட் எந்த எச்சரிக்கையும் தராது. கம்பைலரைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அமைப்புக் கோப்பின் பாதுகாப்புப் பட்டியலில் கிளாஸ் பெயர்களைக் குறிப்பிட்டால், கோப்பில் தென்படாவிட்டாலும் விதி எழுதப்படும். 'எல்லா நிறத்தின் எல்லாப் பின்னணியும்' என்று ஒரே வடிவத்தைக் கொடுத்துவிடவும் முடியும். 3.4இன் இயல்பான நிறத்தட்டில் 22 நிறங்கள், ஒவ்வொன்றிலும் 11 சாயல்கள். பின்னணிக்கு மட்டும் 242 விதிகள். நான்கு நிறம் வேண்டிய பக்கத்துக்கு இது எனக்கு உடன்பாடில்லை. அதைவிட முக்கியமான காரணம், நிறத்தை முடிவு செய்யும் வேலை அக்காவுடையது அல்ல. சரக்கின் நிலையைச் சொல்வதுதான் அவர் வேலை.

ஆகவே ஷீட்டிலிருந்து நிறப் பத்தியை எடுத்துவிட்டு, நிலைப் பத்தி வைத்தேன். இருக்கிறது, கொஞ்சம்தான், காய்கிறது, தீர்ந்தது: நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியல். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு அட்டவணை. ஒவ்வொரு நிலைக்கும் எதிரே கிளாஸ் பெயர்கள் முழுமையாக, வெட்டாமல், ஒட்டாமல் எழுதப்பட்டிருக்கும். கம்பைலர் அந்தக் கோப்பை எழுத்தாகப் படிக்கும்போது நான்கும் அப்படியே கிடைத்துவிடுகின்றன. அட்டவணையில் இல்லாத சொல் வந்தால் சாம்பல் பின்னணி, கறுப்பு எழுத்து. எந்த நிலையிலும் எழுத்து மறையாது. அட்டவணை எழுதும்போதே நிறங்களையும் திருத்தினேன். கடற்கரை வெயிலில் மெல்லிய நிறங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சைக்கு 700ஆம் சாயல், வெள்ளை எழுத்து. அம்பருக்கு 300ஆம் சாயல், கறுப்பு எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி வழிகாட்டி, நான்கு நிலைகளையும் அந்த அளவுக்கு உட்படுத்திப் பார்த்தேன்.

அத்துடன் பில்டின் கடைசியில் ஒரு சோதனையையும் வைத்தேன். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு கிளாஸும் வெளியீட்டு சி.எஸ்.எஸ்ஸில் இருக்கிறதா என்று அது தேடும். ஒன்று இல்லாவிட்டாலும் பில்ட் நின்றுவிடும். இதை எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. திரை அகலத்துக்கேற்ப மாறும் கிளாஸ்களின் பெயரில் முக்காற்புள்ளி வரும். வெளியீட்டுக் கோப்பில் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்ந்திருக்கும். பெயரை அப்படியே தேடினால் கிடைக்காது. தேடும் முன் பெயரையும் அதே போல மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்துக்கென்று செய்ய வேண்டியிருந்த வேலை தனி. டெயில்விண்டில் எழுத்து அளவுக் கிளாஸ் ஒவ்வொன்றும் வரி உயரத்தையும் கூடவே கொண்டுவருகிறது. சாதாரண அளவுக்கு ஒன்றரை மடங்கு; பெரிய அளவுகளில் இது குறைந்துகொண்டே வந்து, ஐந்து எக்ஸெல் (5xl) என்ற அளவு முதல் ஒரு மடங்காகிவிடுகிறது. லத்தீன் எழுத்துக்கு அது போதும். நமக்கு மேலே 'கி', 'கீ' சுழிகள், கீழே 'மு', 'மூ' கால்கள். இரண்டு வரித் தலைப்பில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் மோதின. இதற்குப் பக்கம் முழுவதும் வரி உயரக் கிளாஸைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அமைப்புக் கோப்பில் எழுத்தளவுப் பட்டியலையே திருத்தி, பெரிய அளவுகளுக்கும் தாராளமான உயரம் கொடுத்தேன். 'தீர்ந்துகொண்டிருக்கிறது' மாதிரியான நீளச் சொற்கள் குறுகிய கட்டத்தை மீறாமல் இருக்க, சொல் உடையும் கிளாஸ் ஒன்றையும் பட்டைகளுக்குக் கொடுத்தேன். தமிழில் பக்கம் செய்யும் எவரும் முதல் நாளே இந்த உயரங்களை மாற்றிவிட வேண்டும்.

இப்போது சி.எஸ்.எஸ் கோப்பு பத்து கேபியைச் சுற்றி நிற்கிறது, அனுப்பும்போது ஜிஜிப்பில் இன்னும் சுருங்குகிறது. இவ்வளவு சிறிதாகிவிட்டால் அதைத் தனிக் கோப்பாக வைப்பதே தேவையா என்ற கேள்வி வருகிறது. சிக்னல் மங்கிய இடத்தில் கோப்பின் அளவைவிட, போய்க் கேட்டு வாங்கி வரும் சுற்றுகள்தான் நேரத்தைத் தின்கின்றன. போனுக்கும் சர்வருக்கும் இடையே தரவு போய்வரும் டி.சி.பி இணைப்பு ஒன்று தொடங்கும்போது சர்வர் பதிலுக்குக் காத்திராமல் முதல் வீச்சில் பத்துப் பொட்டலங்கள் வரை அனுப்பலாம் என்று 2013இல் பரிந்துரைக்கப்பட்டு, இன்று அதுவே பரவலான வழக்கம். கிட்டத்தட்ட 14 கேபி. எச்.டி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும் சுருங்கிய நிலையில் சேர்ந்து அந்த அளவுக்குள் அடங்கிவிட்டால், முதல் வீச்சிலேயே முழுப் பக்கமும் வந்துவிடும். எனவே பில்டில் ஒரு படி கூட்டினேன். கம்பைல் ஆன சி.எஸ்.எஸ்ஸை ஒரு சிறு ஷெல் நிரல் எடுத்து எச்.டி.எம்.எல்லின் தலைப்பகுதியில் பதித்துவிடுகிறது.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. யூட்டிலிட்டி முறையில் எச்.டி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும் ஒன்றோடொன்று பிணைந்தவை, எச்.டி.எம்.எல் புதிதாகவும் போனில் தேங்கியிருக்கும் சி.எஸ்.எஸ் பழையதாகவும் இருந்தால், புதிய கிளாஸுக்கு விதி இருக்காது. ஒரே கோப்பானால் அந்தப் பொருத்தமின்மைக்கு இடமே இல்லை. பல பக்கங்கள் உள்ள தளமாக இருந்தால் இந்த வழி சரிவராது. அங்கே உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் பெயருடன் தனி சி.எஸ்.எஸ் கோப்பு வைத்து, பழைய கோப்பையும் சிறிது காலம் சர்வரில் விட்டுவைப்பதுதான் நல்லது.

பில்ட் என் மடிக்கணினியை நம்பி இருக்கக் கூடாது. நிரலைச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் எந்த மாற்றம் ஏறினாலும் ஹோஸ்டிங் தளமே பில்டை ஓட்டும்படி செய்துவிட்டேன். அந்த மாணவர் போனிலிருந்தே எச்.டி.எம்.எல்லில் ஒரு கிளாஸைச் சேர்த்தாலும் அதற்குரிய விதி பக்கத்தில் வந்துவிடும். தினம் காலையில் ஒரு பில்ட் தானாக ஓடுகிறது. அது ஷீட்டைப் படித்து அன்றைய விலையை எச்.டி.எம்.எல்லிலேயே எழுதிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத போனிலும் காலை விலையாவது தெரியும். வந்து சேர்ந்தால் ஷீட்டின் இப்போதைய நிலைக்குப் புதுப்பித்துக்கொள்ளும்.

மாற்றிய பக்கத்தை அந்த ஆண்ட்ராய்டு 6 போனிலேயே, களத்தில் வைத்துத் திறந்து பார்த்தோம். வெள்ளைத் திரை நிற்கவில்லை. பட்டைகளும் விலையும் ஒன்றாகவே வந்தன. ஸ்கிரிப்டைத் தடுத்தும் பார்த்தேன், கட்டங்கள் கலையவில்லை. எல்லா வரியையும் 'தீர்ந்தது' என்று மாற்றிய சோதனை ஷீட்டையும் ஓட்டினேன். சிவப்பு அழுத்தமாக விழுந்தது. தலைவி அக்கா கேட்டது ஒன்றுதான்: நிறம் தேர்ந்தெடுக்கும் வேலை இனிமேல் இல்லையா, தம்பி? இல்லை அக்கா, நிலையை மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

அடுத்து, தென்கடல் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் குழுவுக்கும் இதே போன்ற பக்கம் கேட்டிருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று சரக்கு வேறு; 'ஈரம்', 'அரைக்காய்ச்சல்', 'மூட்டை கட்டியாயிற்று' என நிலைகளும் வேறு. நிரலில் மாற வேண்டியது அந்த அட்டவணையின் வரிகள் மட்டுமே. பக்கம் இரண்டாகும்போது சி.எஸ்.எஸ்ஸை உள்ளே பதிப்பதைத் தொடர்வதா, பொதுக் கோப்பாகப் பிரிப்பதா என்பதை இரண்டின் எடையையும் அளந்த பிறகு முடிவு செய்வேன். இரண்டையும் ஒருவரே திறந்து பார்ப்பது அரிது என்பதால், பதிப்பதையே தொடர்வேன் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.